கப்பலில் சூட் ரூம் எடுக்கப் போகிற குடும்பங்கள், பணம் கட்டும் முன்

பெரிய உல்லாசக் கப்பல்களில் சூட் எனப்படும் உயர் வகுப்பு அறைக்கான சலுகை எல்லாமே அறையோடு ஒட்டியது. அந்த அறையில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ, அவர் கையில் இருக்கும் கார்டுக்குத்தான் அந்தச் சலுகை இடங்களின் கதவு திறக்கும். மாமியார், மாமனார், பெற்ற பிள்ளை என்ற உறவெல்லாம் அந்தக் கதவுக்குத் தெரியாது. கிருஷ்ணகிரியில் இருக்கும்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு இரண்டரை லட்சம் மிச்சமாகியிருக்கும், வீட்டில் மனக்கசப்பும் வந்திருக்காது. எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் சொல்லவில்லை. இணையத்தில் கிடைத்ததெல்லாம் அறையைச் சுற்றிக் காட்டும் வீடியோக்கள். கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு என்று எதுவும் கண்ணில் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்குள் இன்னொரு சின்னக் கப்பல் மாதிரி தனியாக ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். எம்எஸ்சி கம்பெனியின் கப்பல்களில் அதற்கு யாட் கிளப் என்று பெயர், நார்வீஜியன் கம்பெனியில் ஹேவன், செலிப்ரிட்டியில் ரிட்ரீட், ஜென்டிங் டிரீம் என்ற கப்பலில் பேலஸ். தனி லவுஞ்ச், தனி உணவகம், பல கப்பல்களில் தனி நீச்சல்குளம், நம் தேவைகளைக் கவனிக்கும் பட்லர் அல்லது கான்சியர்ஜ், ஏறும்போதும் இறங்கும்போதும் தனி வரிசை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் 'சூட்' என்று பெயர் வைத்த எல்லா அறைக்கும் இதெல்லாம் வராது. ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் ஸ்டார், ஸ்கை, சீ என்று மூன்று அடுக்கு உண்டு. ஜூனியர் சூட் கடைசி அடுக்கில் வரும், அதற்கு சூட் லவுஞ்ச் கிடையாது. மற்ற கம்பெனிகளிலும் இதுபோல ஏதாவது ஒரு படிக்கட்டு இருக்கும். ஆகவே அறையின் பெயரைக் கேட்டு மயங்காமல் அந்த அறையின் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணுக்கு எந்த லவுஞ்ச், எந்த உணவகம், எந்த வேளைச் சாப்பாடு, யார் யாருக்கு என்று நாலு கேள்வி கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னதைக் கப்பலில் ஒருவரும் ஏற்பதில்லை.

நாங்கள் போட்ட கணக்கு பல வீடுகளில் போடுகிற கணக்குதான். எங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சூட், அத்தை மாமாவுக்கு அதே தளத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத உள் அறை. "தூங்கறதுக்கு மட்டுந்தானே மேடம், மத்ததுக்கெல்லாம் ஒரே குடும்பமாத்தான் பாப்பாங்க" என்றார் ஏஜென்ட். சூட்டுக்கு ஐந்தரை லட்சம், உள் அறைக்குத் தொண்ணூறாயிரம். அதே கப்பலில் ஆறு பேருக்கும் பால்கனி அறைகளாகவே எடுத்திருந்தால் நாலு லட்சத்துக்குள் முடிந்திருக்கும். கப்பலில் ஓர் அறையின் முதல் இரண்டு பேருக்குத்தான் முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. குழந்தைகளை எந்த அறையில் பதிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தே மொத்தத் தொகை ஏறி இறங்கும். ஏஜென்டிடம் இரண்டு மூன்று விதமாகப் பிரித்துப் போட்டு விலை கேளுங்கள்.

முதல் நாள் இரவு எல்லோரும் பட்டுப்புடவை, வேட்டி சட்டை என்று கிளம்பி மேல்தளத்து உணவகத்துக்குப் போனோம். வாசலில் சின்னதாக ஒரு கருவி. கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் எரிந்தது. மாமா காட்டினார், சிவப்பு. திருப்பிக் காட்டினார், மறுபடியும் சிவப்பு. தோளில் இருந்த துண்டால் கார்டை அழுத்தித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்தார். வாசலில் நின்ற பையன் மரியாதையாகத்தான் சொன்னான், இந்த அறைக்கு அனுமதி இல்லை, தனியாகப் பணம் கட்டினாலும் முடியாது என்று. "நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு உள்ள போங்க கண்ணு, நாங்க கீழயே சாப்பிட்டுக்கறோம்" என்றார் அத்தை. மருமகள் மேலே, மாமியார் கீழே. அந்த வாசலில் நின்றபோது எனக்கு வந்த கூச்சத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு எல்லா வேளையும் எல்லோரும் கீழே பொது உணவகத்தில்தான் சாப்பிட்டோம். பணம் கட்டிய லவுஞ்சில் பிள்ளைகள் ஜூஸ் குடித்ததோடு சரி.

பெரியவர்களோடு போவதாக இருந்தால் என் கணக்கில் மூன்று வழி சரிப்படும். ஒன்று, இரண்டு படுக்கையறை சூட் ஒன்றை எடுத்து எல்லோர் பெயரையும் அதிலேயே பதிவது. ஆறு பேர் தங்கலாமா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் உயிர்காப்புப் படகின் இடக் கணக்கை வைத்துத்தான் ஆள் எண்ணிக்கையை அனுமதிப்பார்கள். இரண்டு, உயர் வகுப்பையே விட்டுவிட்டு அடுத்தடுத்த பால்கனி அறைகள் எடுப்பது. நடுவில் கதவு உள்ள 'கனெக்டிங்' அறையா என்று கேட்டு வாங்குங்கள். கதவு இல்லாவிட்டாலும் பல கப்பல்களில் இரண்டு பால்கனிக்கும் இடையில் உள்ள தடுப்பை அறைப் பணியாளர் திறந்துவிடுவார். மூன்றாவது வழியைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான்: சூட்டைப் பெரியவர்களுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு நடுவயதுக்காரர்கள் சாதாரண அறையில் படுத்துக்கொள்வது. வரிசையில் நிற்காமல் ஏறுவது, சத்தமில்லாமல் உட்கார ஒரு இடம், எதைக் கேட்டாலும் ஓடி வரும் ஓர் ஆள், இதெல்லாம் யாருக்கு வேண்டும்? முட்டிவலிக்காரருக்கா, நமக்கா? பெரியவர்களை மட்டும் உள் அறையில் போடவே போடாதீர்கள். ஜன்னல் இல்லாததால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்தது தெரியாது. குளியலறை வாசலில் காலை இடறும் உயரத்துக்கு ஒரு படி இருக்கும். இரவில் எழுந்து போகிறவர்களுக்கு அது ஆபத்து. சின்ன இரவு விளக்கு ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகி வைப்பது நல்லது.

அறை எங்கே இருக்கிறது என்பதைக் கப்பலின் வரைபடத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். விலை கூடின சூட்டுகள் பெரும்பாலும் மேல்தளங்களில், பல கப்பல்களில் முன்பக்கமாக இருக்கும். காட்சி பிரமாதம். ஆனால் ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான். கப்பல் ஆடும்போது நடுப்பகுதியும் கீழ்த்தளமும்தான் குறைவாக அசையும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி நாங்கள் போன மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது, பெரிய கப்பல்களில் அசைவைக் கட்டுப்படுத்தும் துடுப்புகளும் உண்டு. இருந்தும் எங்கள் சின்னவன் இரண்டாம் நாள் காலை வரை எழுந்திருக்கவில்லை. குமட்டல் மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது, முன்கூட்டியே போட வேண்டும். அவோமின் மாதிரியானவை தூக்கத்தைக் கொண்டுவரும். பிள்ளைகளுக்கு எவ்வளவு, பிரஷர் சுகர் மாத்திரையோடு சேருமா என்று குடும்ப டாக்டரிடம் ஊரிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'பால்கனி' என்று போட்டிருந்தாலும் கடலைப் பார்த்ததா என்று கேளுங்கள். ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் கப்பலின் உட்பக்கத் தோட்டத்தைப் பார்த்த பால்கனிகளும் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் உயர் வகுப்பு நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. தனி உணவகத்தில் பட்டியல் சின்னது, அழகாக இருக்கும், சைவம் என்றால் ஒன்றோ இரண்டோ. சாதம், பருப்பு, குழம்பு, ரொட்டி என்று ஆசியக் கப்பல்களில் வரிசையாகக் கிடைப்பது பொது பஃபேயில்தான். சுத்த சைவம், முட்டை கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது என்றால் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். கப்பலில் ஏறிய பிறகு, உணவக மேற்பார்வையாளரிடம் முந்தின நாள் இரவே மறுநாளுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். அந்த வேளையில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் கிடைக்காது. வீட்டில் செய்த சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள். கடையில் சீல் வைத்த முறுக்கு, ஊறுகாய், பொடி வகைகள் பரவாயில்லை. மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, சர்ஜ் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சூடம், ஊதுபத்தி, அகல்விளக்குத் திரி எல்லாமே தீ ஆபத்துப் பொருள்கள். ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். அதைவிடத் தொல்லை, அந்தப் பெட்டி முழுதும் அன்று ராத்திரி வரை அறைக்கு வராது. பிளாஸ்டிக் மக் ஒன்றை மட்டும் மறக்காமல் பெட்டியில் போடுங்கள், அங்கே கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது.

பணம் கரைகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்றாலே டிசிஎஸ் என்ற வரியைப் பில்லிலேயே பிடிப்பார்கள். நாங்கள் கட்டிய 2025-26 நிதியாண்டில் பத்து லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறும், கட்டும்போது கேட்டுக்கொள்ளுங்கள். இது செலவில்லை, நம் பான் எண்ணில் முன்கூட்டிப் பிடித்த வரி. படிவம் 26ஏஎஸ்ஸில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். சிக்கல் எங்கே என்றால், வரி கட்டும் வருமானமே இல்லாத பெரியவரின் பான் எண்ணில் பில் போட்டுவிட்டால், அந்தப் பணத்துக்காகவே அவர் பெயரில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். யார் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரோ அவர் பான் எண்ணையே கொடுங்கள்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போது நம் வங்கிக் கார்டு ஒன்றைப் பதிவு செய்வார்கள், வாங்குவதெல்லாம் அறைக் கணக்கில் ஏறும். அந்தக் கார்டில் ஒரு தொகையை முன்பிடித்தமாக நிறுத்தி வைப்பார்கள். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ கொடுத்தால் நிறுத்திய தொகை விடுபடப் பல நாள் ஆகும், அதற்குள் கரையில் செலவுக்குக் காசில்லாமல் தவிப்பீர்கள். கிரெடிட் கார்டைப் பதிவு செய்துவிட்டு ஃபாரெக்ஸ் கார்டைக் கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் ஊரிலேயே திறந்து வைத்துவிட வேண்டும், நடுக்கடலில் ஓடிபி எஸ்எம்எஸ் வராது. பில்லை ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம், கப்பலின் நாணயத்திலேயே போடச் சொல்லுங்கள். அவர்கள் மாற்றும் விகிதம் நம் வங்கியுடையதைவிட மோசமாக இருக்கும். சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறும், பெரும்பாலும் குழந்தைக்கும் உண்டு. பல கம்பெனிகளில் சூட்காரர்களுக்கு அந்த விகிதமே கூடுதல். வைஃபை சிலவற்றில் கருவிக்கு இவ்வளவு என்று கணக்கு. போனைக் கப்பல் கிளம்பும் முன்பே விமான நிலையில் போட்டுவிடுங்கள். கப்பலின் செல் நெட்வொர்க்கை அது தானாகப் பிடித்துக்கொண்டால் சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது, பில் எகிறிவிடும்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று. கோடை விடுமுறையில் மா அறுவடை நடக்கும், தோட்டத்தையோ மண்டியையோ விட்டுக் கிளம்ப முடியாது என்பதால் பலர் அரையாண்டு விடுமுறையில்தான் போகிறோம். அந்த டிசம்பர் கடைசி வாரம்தான் கப்பல் விலை உச்சத்தில் இருக்கும் நேரம். காலாண்டு விடுமுறை கொஞ்சம் மலிவு. பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நகருக்குள் நுழைந்தால் நேரம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஓசூரிலிருந்து மாலூர், ஹொசகோட்டை வழியாகச் சுற்றிப் போவது தூரம் கூடினாலும் நிம்மதி. கப்பல் கிளம்பும் அன்றைக்கே சிங்கப்பூரில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, சூட்காரருக்கும் காத்திருக்காது. முந்தின நாளே போய் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா பக்கம் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு உண்டு, மரினா சவுத்தில் ஒன்று, ஹார்பர்ஃப்ரண்டில் ஒன்று. டாக்ஸிக்காரரிடம் வெறுமனே 'குரூஸ் சென்டர்' என்றால் தப்பான இடத்தில் இறக்கிவிடக்கூடும். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கு உரியதா என்று பாருங்கள், கப்பலில் போய்த் திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டுமே. வருகை அட்டையையும் இரண்டு தடவை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. குடிநுழைவுச் சோதனை வரிசையில் வகுப்பு வித்தியாசம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் கவுண்டர் வரைதான் முன்னுரிமை, அரசாங்கக் கவுண்டரில் எல்லோரும் ஒரே வரிசைதான்.

உயர் வகுப்பு பணத்துக்கு ஈடு கொடுப்பது நடுக்கடலிலேயே கழிகிற நாட்களில். தினம் ஒரு துறைமுகம் என்றால் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறோம், லவுஞ்சும் தனிக்குளமும் வெறுமனே கிடக்கும். மலேசியாவின் பினாங்கில் கப்பல் ஜார்ஜ்டவுன் ஊருக்குள்ளேயே நிற்கும். குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வரலாம், சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்ட வேண்டாம். கோலாலம்பூருக்கான துறைமுகமான போர்ட் கிளாங்கில் அப்படி முடியாது. பத்துமலை முருகனைப் பார்க்கப் போகப் போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கே 272 படி ஏற வேண்டும். நேரம் இறுக்கமாக இருந்தால் கப்பல் கம்பெனியின் சுற்றுலாவிலேயே போங்கள், அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக வண்டி பிடித்துப் போனால் காத்திருக்காது. தாய்லாந்தின் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்கும். அசையும் படகில் கால் வைத்து ஏற முடியாதவர்களுக்குக் கரை கிடையாது. படகில் முதலில் ஏற்றுவது உயர் வகுப்பின் உண்மையான பயன்களில் ஒன்று. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பலோ தன் நேரத்தை மாற்றினாலும் மாற்றும், மாற்றாமலும் இருக்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பொதுவாக ஏற்றமாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு 24 வாரம் தொடங்கிவிட்டால் அனுமதி இல்லை, திரும்பி வரும் தேதியை வைத்துக் கணக்குப் பாருங்கள். டயப்பர் போட்ட குழந்தைக்குப் பொதுக் குளமும் குழந்தைகள் கிளப்பும் பெரும்பாலும் கிடையாது. கப்பல் மருத்துவமனையில் காய்ச்சலுக்குப் போனாலும் டாலரில் பில் வரும், நம் ஊர் மருத்துவக் காப்பீடு அங்கே எடுபடாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணமும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா, பெரியவர்களின் பழைய நோய்களுக்குப் பொருந்துமா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை, நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும். குளத்தில் பருத்திச் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள்.

கடைசி ராத்திரி பெட்டிகளைச் சீட்டு கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், மறுநாள் உடுத்துவதை எடுத்து வைத்துக்கொண்டு. அன்று மாலைக்குள் அறைக் கணக்கை வரிவரியாகப் பாருங்கள். எங்கள் கணக்கில் எடுக்காத மினிபார் பொருளுக்கும், பிள்ளைகள் இலவசம் என்று நினைத்து ஆடிய விளையாட்டுக் கூடத்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் ரூபாய் ஏறியிருந்தது. மினிபாரைக் கான்சியர்ஜ் அங்கேயே நீக்கிவிட்டார். விளையாட்டுக் கூடம் போனது போனதுதான். பிள்ளைகளின் கார்டில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லி நிறுத்திவிடலாம், அதற்கு எந்த வகுப்பும் தேவையில்லை.